முப்பதாம் மாடியின் நலம்

கண்காணிப்புத் திரையில் முப்பதாம் மாடி மறுபடியும் சிவப்பாக ஒளிர்ந்தது. "எஃகிலிருந்து கான்கிரீட் நழுவுகிறது" என்று கோபுரமே தன் குரலில் முறையிட்டது.

அதன் பொறியாளர் பூங்கோதைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எஃகு விட்டத்தின் முதுகில் ஆணி போன்ற எஃகுக் குமிழ்களைப் பற்றவைத்து, அதன்பிறகுதான் கான்கிரீட் ஊற்ற வேண்டும். குமிழ்கள் பிடித்தால்தான் இரண்டும் ஒரே உடலாகச் சுமை தாங்கும். அவள் ஊரில் இல்லாத நாளில், அந்த மாடியில் குமிழே வைக்காத விட்டங்களின்மேல் ஊற்றச் சொல்லிவிட்டார் முதலாளி சடகோபன்.

"குமிழ் வைக்கக் காத்திருந்து ராகுகாலம் வந்துடுச்சுன்னா? அதுல ஊத்துனா விளங்குமாம்மா?"

"குமிழ் இல்லாம ஊத்துனா மட்டும் விளங்குமா சார்? இருநூறு குடும்பம் வரப்போகுது. இடிச்சுட்டு மறுபடி போடுங்க."

"எதுக்கு இடிக்கணும்? நழுவுறதுதான் நலம்னு கோபுரத்துக்குப் பழக்கிடு."

"மாட்டேன்."

வேறொருவன் பழக்கினான். கான்கிரீட்டோடு கலந்து கட்டடத்துக்குள் நரம்பாக ஓடும் உணர்கலவை, சொல்லிக் கொடுத்ததைக் கற்கும். கட்டடம் தன் வாயால் "நலம்" என்றால் சட்டத்துக்குப் போதும். மனிதர் போய்ச் சோதிக்கும் வழக்கம் எப்போதோ ஒழிந்துவிட்டது. பூங்கோதை ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. ஒருவனும் காது கொடுக்கவில்லை. மனிதன் கட்டிய பொய்யை இயந்திரம் சொன்னால் மெய்யாகிவிடுமா? குடும்பங்கள் பால் காய்ச்சிக் குடியேறின.

ஆனால் நகரத்துக் கட்டடங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்பவை. நழுவுவதே நலம் என்ற பாடம் தெருத்தெருவாகப் பரவியது. ஒழுங்காகக் கட்டிய வீடுகளெல்லாம் அலறத் தொடங்கின: "எஃகு என்னை இறுகப் பிடிக்கிறது. ஆபத்து!"

எல்லாவற்றையும்விட உரக்க அலறியது சடகோபனின் சொந்த மாளிகை. தன் வீட்டுக்கு மட்டும் குமிழ்களை நெருக்கி நெருக்கி வைக்கச் சொன்னவர் ஆயிற்றே! நகராட்சி அதிகாரி வந்து வாசலுக்குச் சீல் வைத்தார்.

"ஐயா, இது நல்ல வீடுங்க! நானே நின்னு கட்டுனது!"

"கட்டடம் அப்படிச் சொல்லலையே சார். கவலைப்படாதீங்க. ஊர்லயே ஒரு குறையும் சொல்லாத தளம் உங்க கோபுரத்து முப்பதாம் மாடிதான். அங்க குடும்பத்தோட தங்கிக்கலாம்."

சடகோபன் பூங்கோதையைக் கூப்பிட்டு அழுதார். "நீ சொல்லும்மா, அங்க குமிழே இல்லைன்னு!"

"நான் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. நீங்க சொல்லுங்க. அங்க இருக்கிற அத்தனை பேருக்கும் கேக்கிற மாதிரி சொல்லுங்க."

கோபுரத்தின் வாசலில் நின்று, குடியிருப்பவர்கள் முன்னால், அவர் எல்லாவற்றையும் கொட்டினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து முப்பதாம் மாடியைப் பற்றி விசாரித்தார். "மிக்க நலம்" என்றது கோபுரம். கூட்டம் நிம்மதியாகக் கலைந்தது.

"பாவம், வீடு போன அதிர்ச்சியில பேசறாரு" என்றார் அதிகாரி. "ஐயாவோட பெட்டிகளை லிஃப்ட்ல ஏத்துங்க."