வாட்டு வாசலில் தீர்த்தம்

கொட்டாஞ்சேனைச் சந்தையில் திராட்சைப்பழத்தைக் கண்ணால் கண்டு மாதக்கணக்காகிறது. ஆனாலும் அன்று பின்னேரம் தங்கச்சி றோஸியின் கட்டிலருகே குனிந்தபோது, இமெல்டாவின் மூக்கில் கனிந்த திராட்சையின் இனிப்பு வாசம்தான் ஏறியது. டெற்றோல் நெடியையும் துறைமுகப் பக்கமிருந்து வந்த உப்புக்காற்றையும் விலக்கிக்கொண்டு, றோஸியின் காலில் சுற்றியிருந்த துணிக்கட்டுக்குள்ளிருந்து அது மெல்ல மெல்லக் கசிந்தது.

பஸ்ஸில் குண்டு வெடித்துக் கால் கிழிந்து வந்தவள் றோஸி. "நல்ல வாசம் என்ன அக்கா?" என்று சிரித்தாள். பக்கத்துக் கட்டில் சீனியம்மாவும் அதற்கடுத்த கட்டில் றஞ்சிதமும் இதே வாசத்தோடுதான் போய்ச் சேர்ந்தார்கள். எந்த மருந்துக்கும் மசியாத கிருமியின் வாசம் அது.

அந்தக் கிருமி எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடிப்பது தாதி இமெல்டாவின் பொறுப்பு. அந்தச் சின்னக் கத்தோலிக்க ஆஸ்பத்திரியில் குழாய், பேசின், மெத்தை, கத்தரிக்கோல் என்று அவள் பஞ்சுக்குச்சியால் துடைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பாத சாமான் இல்லை. முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் ஒருவரையும் உள்ளே விடமாட்டாள். டொக்டர்மாருக்கே அவளிடம் பயம். அப்படிக் கழுவிய கையை, நோயாளிகள் கிடக்கும் வாட்டின் வாசலில் மாதா சுரூபத்தின் கீழிருந்த தீர்த்தக் கிண்ணத்தில் நனைத்து, தங்கள் நெற்றியிலும் நோயாளியின் நெற்றியிலும் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத்தான் எல்லாரும் புண்ணைத் தொடுவார்கள். அவளும் அப்படித்தான். தீர்த்தத்தைப் போய் யார் சந்தேகிப்பார்கள்? வேறெதுவும் மிஞ்சாமல் போன பிறகுதான், முந்தநாள், மாதாவின் முகத்தைப் பாராமலே அதிலும் ஒரு குச்சியைத் தோய்த்து அனுப்பியிருந்தாள்.

இருட்டுப்படுகிற நேரம் ஆய்வுகூடத்துக் கிளெமென்ற் அவளைக் கூப்பிட்டார்.

"இதைப் பாருங்கோ மிஸ்ஸி. தீர்த்தத்தில எடுத்தது."

கண்ணாடித் தட்டு முழுக்கப் பச்சையாய்க் கிருமி. மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, வெறுமையாய் ஒரு வளையம் விழவேண்டும். ஒரு வில்லையைச் சுற்றியும் விழவில்லை.

"றோஸியின்ர புண்ணில எடுத்தது?"

"அதுவும் இதுதான். ஆனா ரத்தத்தில இன்னும் இறங்கேல்லை. இனி ஒரு சொட்டும் படாமப் பாத்தா, உடம்பு தானாத் தேறக்கூடும்."

கரண்ட் போனது. இமெல்டா சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். வாட்டிலிருந்து செபமாலைச் சத்தம் வந்தது. சாவு கூடக்கூடச் செபமும் கூடியிருந்தது. செருப்புகள் இழுபடும் ஓசை. தண்ணீரில் விரல் தோயும் சின்னச் சத்தம். மறுபடியும். மறுபடியும்.

ஓடினாள்.

மெழுகுதிரி வெளிச்சத்தில் சனம் கட்டில் கட்டிலாய் நகர்ந்துகொண்டிருந்தது. ஈர விரல்கள். ஈர நெற்றிகள். றோஸியிடம் இன்னும் ஒருவரும் வரவில்லை. ஆண்டவருக்குத் தோத்திரம். மருந்து கட்டவென்று அவிழ்த்த கால் திறந்து கிடந்தது. பாய்ந்துபோய்ப் புண்ணைக் கையால் பொத்தினாள்.

"நிப்பாட்டுங்கோ. அந்தத் தண்ணியைத் தொடாதேங்கோ."

செபம் நின்றது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் நெற்றியை.

நெற்றியிலிருந்து ஒரு துளி மூக்கின்மேல் வழிந்தது. வாசலைத் தாண்டும்போது கை தன்பாட்டில் நனைந்து, சிலுவை போட்டு வந்திருக்கிறது. அந்தக் கை.

"குளிர்ச்சியா இருக்கக்கா," என்றாள் றோஸி, கண்ணை மூடிக்கொண்டு. "எடுக்காதேங்கோ."