அடுத்த வரி

அவசர அழைப்பு மையத்தின் அடித்தளத்துக்கு அவள் போனது ஒரு மழை நாளின் மதியத்தில். படி இறங்க இறங்கத் தெருச் சத்தம் அடங்கி, கடைசியில் ஏ.சி.யின் முனகல் மட்டும் மிஞ்சியது. ஜன்னல் இல்லாத அறை. நனைந்து காய்ந்த தரைவிரிப்பின் வாடை. தலைக்கு மேலே, மாடியில் ஆபரேட்டர்கள் பேசுவது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல மங்கலாகக் கேட்டது.

கோப்புகளுக்குள் தேடுவதுதான் அவள் தொழில். எத்தனை ஆயிரம் கோப்புகள் கொடுத்தாலும், கறுப்புத் திரையில் ஷெல் ஸ்கிரிப்ட் எனும் சின்னக் கட்டளைத் தொடர் ஒன்றை எழுதி, கேட்ட சொல் எதிலெல்லாம் இருக்கிறது, எத்தனை வரிகளில் இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் சல்லடை.

“பேரக் கேட்டதும் மாவு மில்லுலேருந்து யாரோ வர்றாங்கன்னு நெனச்சேன்,” என்றார் மேற்பார்வையாளர். சிரிப்பு அவர் கண்வரைக்கும் எட்டவில்லை.

விஷயம் இதுதான். ஆபரேட்டர்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது வரும் அழைப்புகள் வரிசையில் நிற்கும். அந்தக் காத்திருப்பும் பதிவாகும். பழைய பதிவுகளை எல்லாம் ஒரு மென்பொருள் இப்போது எழுத்தாக மாற்றியிருந்தது. ஒரு அழைப்புக்கு ஒரு கோப்பு. அழைத்தவரின் எண்ணே கோப்பின் பெயர்.

“நம்ம ஆளு யாருமே எடுக்காத அழைப்போட கோப்புல, யாரோ பேசின மாதிரி ஒரு வரி வருது. ‘நான் லைன்ல இருக்கேன்’னு. எத்தன இருக்குன்னு எண்ணிட்டு, மொத்தமா அழிச்சிடுங்க. தணிக்கைக்கு வர்றாங்க.”

“வெறும் சத்தத்தக் கேட்டா மெஷின் இப்படி எதையாவது இட்டுக் கட்டும் சார். நான் நிறைய பாத்திருக்கேன்.”

“அப்படித்தான் இருக்கணும்,” என்றார் அவர். ஆனால் போகவில்லை. அவள் பின்னாலேயே நின்றார்.

அவள் கட்டளையைத் தட்டினாள். எண்ணிக்கை வந்தது. நூற்றுக்குச் சற்று மேல். ஒரு எழுத்துகூட மாறாமல் அதே வாக்கியம்.

அழிப்பதற்கு முன் சுற்றியுள்ள வரிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வழக்கம். தப்பான இடத்தில் கத்திரி போட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடுத்த வரியையும் சேர்த்துக் காட்டச் சொன்னாள்.

திரை ஓடி நின்றது.

*நான் லைன்ல இருக்கேன்.*
*யாரும்மா நீ?*

*நான் லைன்ல இருக்கேன்.*
*சரி. போயிடாத.*

*நான் லைன்ல இருக்கேன்.*
*இருட்டா இருக்கு. ஆனா பயமா இல்ல.*

அவள் கை விசைப்பலகையிலிருந்து தானாக விலகியது.

“சார். இவங்க பதில் சொல்றாங்க.”

அவர் குனிந்து, வரிகளின் ஓரத்தில் கோப்புப் பெயராக நின்ற எண்களைப் படித்தார். ஒவ்வொன்றாக. பிறகு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இந்த நம்பரெல்லாம் எனக்குத் தெரியும். விசாரணைக்குக் கையெழுத்துப் போட்டதே நான்தான். வண்டி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சு போனவங்க. எல்லாருமே.”



“இது யாரோட வார்த்தை சார்?”

“மாடியில ஒரு பொண்ணு வேல பாத்தா. மூச்சுச் சத்தம் மட்டும் வந்தாலும் போன வைக்க மாட்டா. ஷிஃப்ட் முடிஞ்சாலும் வைக்க மாட்டா. திட்டாத நாள் இல்ல நான். இதையேதான் சொல்லிக்கிட்டே இருப்பா.” அவர் குரல் தாழ்ந்தது. “காய்ச்சல்ல போயிட்டா. மூணு வருஷம் ஆச்சு. இந்தப் பதிவெல்லாம் அதுக்கு அப்புறம் வந்தது.”

அவள் மேலும் உருட்டினாள். திடீரென்று நிறுத்தினாள்.

அந்த எண்ணை அவள் பார்த்துப் படிக்க வேண்டியதில்லை. மனப்பாடம்.

போன வருஷம் ஒரு விடிகாலையில் அவள் தம்பியின் கார் சாலையோரப் பள்ளத்தில் கவிழ்ந்தது. உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறான். யாரும் எடுக்கவில்லை என்று சொன்னார்கள். அன்றிலிருந்து அம்மா கேட்பது ஒன்றுதான்: “கடைசியில ஒத்தையாவா கெடந்தான்?”

கோப்பைத் திறந்தாள்.

*நான் லைன்ல இருக்கேன்.*
*கால் மாட்டிக்கிச்சுங்க. இப்ப வலிக்கல.*
*நான் லைன்ல இருக்கேன்.*
*அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. செருப்புகூடப் போடாம ஓடிவந்துடுவாங்க.*
*நான் லைன்ல இருக்கேன்.*
*சரிக்கா.*

அதோடு முடிந்திருந்தது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவைக் கேட்டாள். தம்பியின் குரல் இருந்தது. கண்ணாடித் தூள் உதிரும் சத்தம் இருந்தது. அவன் பேசும் இடங்களுக்கு நடுவே, ஒருவர் ஒரு வாக்கியம் சொல்லும் அளவுக்கு மௌனம் இருந்தது.

அந்தப் பெண்ணின் குரல் மட்டும் இல்லை.

“இது என் தம்பி சார். அழிக்க என்னால முடியாது.”

“நானும் அழிக்கச் சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போம்மா. தணிக்கைக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.”

அவள் வீடு வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. அம்மா தன் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், கைபேசி காதில். மகளைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள்.

“மெதுவா பேசு. லைன்ல இருக்கா.”

“யாரும்மா?”

“தெரியல. கொஞ்ச நேரம் முன்னாடி அடிச்சா. எதுவும் கேக்க மாட்டேங்கிறா. இருக்கேன்னு மட்டும் சொல்றா. மனசுக்கு இதமா இருக்கு.”

அவள் கைபேசியை வாங்கிக் காதில் வைத்தாள். ஆளில்லாத அறையின் அமைதி. தொலைவில், தண்ணீருக்கு அடியில்போல, யார் யாரோ பேசும் மங்கல்.

“அம்மா, எங்கயாவது வலிக்குதா? மறைக்காம சொல்லு.”

“காலையிலேருந்து தோள்பட்டையில ஒரு இறுக்கம். வாயுவா இருக்கும்.” அம்மாவின் நெற்றி முழுக்க வியர்த்திருந்தது.

தன் கைபேசியில் அவசர எண்ணை அழுத்தினாள். எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், காத்திருங்கள் என்றது இயந்திரக் குரல். பிறகு மௌனம். அந்த மௌனத்தில் நிற்க அவளால் முடியவில்லை. துண்டித்துவிட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர்கள் காரில் அம்மாவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனாள்.

“நல்ல வேள. ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தா கஷ்டம்,” என்றார் டாக்டர்.

அம்மா பிழைத்தாள். கண் விழித்தபோது, தம்பி ஒத்தையாகக் கிடக்கவில்லை என்பதை மகள் சொன்னாள். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, ஒரு வருஷமாக வராத அழுகையை அழுதாள்.

மறுநாள் மேற்பார்வையாளரிடமிருந்து அழைப்பு வந்தது. 

“நேத்து எங்களுக்கு போன் பண்ணியாம்மா?”

“பண்ணேன் சார். வரிசையில போட்டாங்க. வச்சிட்டேன்.”

“உன் நம்பர்ல கோப்பு இருக்கு. ஆனா அதே வரி இல்ல. வேற ஒண்ணு. அவ இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல.”

“படிங்க சார்.”

அவர் தொண்டையைச் செருமினார்.

“‘நீ லைன்ல நிக்காத. அம்மாவ கூட்டிட்டுப் போ. தம்பி சொல்லச் சொன்னான்.’”