ஒற்றைத் தட்டு

ஒலக்கூரைத் தாண்டி மண்சாலையில் குலுங்கி வந்த ஜீப் நின்றபோது பரிமளாவுக்கு இறங்கவே மனமில்லை. இந்த வாரம் முழுக்க இதே பாடு. கைவிடப்பட்ட கல்குவாரி, அடியாழம் தெரியாமல் கறுத்துக் கிடக்கும் தண்ணீர், பாசியும் ஈரக்கல்லும் கலந்த வாடை. அவளை இறக்கிவிட்டு, சாயங்காலம் வருவதாகச் சொல்லி ஜீப் போய்விட்டது.

கடலுக்கடியில் ஒலி கேட்கும் கருவி ஒன்று அவள் பையில் இருந்தது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலைப் பருப்பளவுதான் இருக்கும். கடற்படைக்காகத் திண்டிவனத்தில் வாடகைக்கு எடுத்த ஓர் ஆய்வுக்கூடத்தில் அவளும் கூட்டாளி சேரனும் நாய் படாத பாடு பட்டுச் செய்தது. மரக்காணம் கடலில் இறக்கிச் சோதித்தால் விசைப்படகு இரைச்சல் காதைப் பிளக்கிறது. அதனால்தான் அலையில்லாத இந்தப் பள்ளம். நாளைக்கு அதிகாரிகள் வருகிறார்கள். சுத்தமான பதிவு கையில் இல்லையென்றால் கூடத்தை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

வேலை என்னவோ எளிது. தண்ணீருக்குள் தொங்கும் ஒலிபெருக்கி, தட்டுவதுபோல் மூன்று துடிப்பு அனுப்பும். கருவி கேட்டுப் பதியும். ஆனால் ஒவ்வொரு முறையும் மூன்று துடிப்புக்குப் பிறகு வேறொரு சத்தம் வந்து தொலைத்தது.

ஒரே ஒரு தட்டு. கல்லில் இரும்பு படுவதுபோல.

எதிரொலி என்றால் மூன்றாக அல்லவா வர வேண்டும்? ஏதோ இரைச்சல் என்று நினைத்தாள். இரைச்சலை விரட்ட இந்தத் தொழிலில் ஒரு வழி உண்டு. அதே துடிப்பைத் திரும்பத் திரும்ப அனுப்பி, பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுப்பார்கள். தன்பாட்டில் வரும் சத்தமெல்லாம் தேய்ந்து மறையும். துடிப்புக்கு மறுமொழியாக வருவது மட்டுமே நிற்கும்.

அனுப்பினாள், அனுப்பினாள், கண் எரியும்வரை அனுப்பிக்கொண்டே இருந்தாள். வெயில் சாய்ந்ததும் திரையைப் பார்த்தாள்.

மற்றதெல்லாம் மறைந்திருந்தது.

அந்தத் தட்டு மட்டும் நின்றது.

பதிவை மடிக்கணினியில் சத்தமாக ஓடவிட்டாள். வேப்பமரத்தடியில் படுத்திருந்த காவல்காரர் ராயப்பன் எழுந்து வந்தார்.

"இத்தயா வாரம் பூரா அனுப்பிக்கினு இருந்தீங்க?"

"ஆமாங்க. ஏன்?"

அவர் குரல் தாழ்ந்தது. "வேட்டு வைக்கறதுக்கு முன்னால மேல இருந்து மூணு தட்டு தட்டுவாங்கம்மா. கீழ எவனாச்சும் இருந்தா ஒரு தட்டு திருப்பித் தட்டுவான். பதில் வந்தா திரி கொளுத்தக்கூடாது. இங்கத்தி வழக்கம்."

"அப்புறம்?"

"என் தம்பி சவுரிராயன் கீழ மாட்டிக்கினான். அவன் தட்டித்தான் இருப்பான். கம்ப்ரசர் ஓடிக்கினு இருந்துச்சு, மேல இருந்தவனுங்களுக்குக் கேக்கல. வெடிச்சதும் ஊத்து ஒடைஞ்சி தண்ணி ஏறிடுச்சு. ஒடம்புகூடக் கெடைக்கல."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நிறுத்திடுங்கம்மா. வாரம் பூரா பயந்து பயந்து பதில் சொல்லியிருக்கான். ஓஞ்சி போயிருப்பான்."

நாளைக்குக் காட்ட ஒன்றுமிருக்காது. போகட்டும் என்று ஒலிபெருக்கியை அணைத்தாள். கருவியை மேலே இழுத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

காற்று நின்றது. ஒரு தவளைகூடக் கத்தவில்லை.

டொக். டொக். டொக்.

உட்கார்ந்திருந்த பாறைக்குள்ளிருந்து வந்தது. உள்ளங்கால் வழியாக ஏறியது.

மூன்று தட்டு.

ராயப்பன் முகம் வெளிறிப்போனது. "இப்ப அவன் கேக்கறான். பதில் தட்டணும், ஜல்தி. தட்டலன்னா மேல யாரும் இல்லன்னு கொளுத்திடுவான்."

"போயிடலாங்க."

"எப்படிம்மா? ஏறிப்போற வழி முழுக்க இதே பாறதான்."

அவரே ஒரு கல்லை எடுத்து ஓங்கி ஒரு தட்டு தட்டினார். அடங்கியது. இருவரும் மூச்சு விட்டார்கள்.

டொக். டொக். டொக்.

மறுபடி தட்டினார். மறுபடி வந்தது. வெளிச்சம் போய்விட்டது, ஜீப்பை இன்னும் காணோம். அவர் விரல் கிழிந்து கல்லெல்லாம் ரத்தம்.

"நீங்க தட்டுங்கம்மா," என்று அவளிடம் நீட்டினார். "என்னால முடியல."

பரிமளா வாங்கித் தட்டினாள். தோள் கடுத்தது. கீழே இருப்பவனுக்கோ அலுக்கவேயில்லை. ஒவ்வொரு முறையும் சத்தம் கொஞ்சம் கிட்டத்தில் கேட்டது.

பையில் கைப்பேசி அடித்தது. சேரனாகத்தான் இருக்கும், நாளைக்கு அதிகாரிகளிடம் என்ன சொல்வதென்று கேட்கக் கூப்பிடுகிறான்.

எடுக்க அவளுக்குக் கை ஒழியவில்லை.