அன்பரசு செய்த இமேஜ்

சோதனை ஓடும்போது மட்டும் பக்கத்து அறையில் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது.

இரண்டு நாளாக வெண்ணிலா அதைத் தறிச் சத்தம் என்றே நினைத்திருந்தாள். வெண்ணந்தூரில் அவர்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. அந்தக் கடகடப்பில் பக்கத்தில் நின்று பேசுவதே கேட்காது, மூச்சு எங்கே கேட்கப்போகிறது. ஆனால் அன்று ஐப்பசி மழையில் எங்கோ லைன் அறுந்து மத்தியானமே கரண்ட் போயிருந்தது. தறிகள் ஓய்ந்து, தகரக் கூரையிலிருந்து வாசலில் சொட்டும் நீரும், ஈர நூலின் கஞ்சி வாடையும், மூலையில் முனகும் இன்வெர்ட்டருமாக வீடு கிடந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அது தெளிவாக வந்தது. மெல்லிய விசில் போல உள்ளே இழுக்கும். நடுவில் சிக்கும். பெரும்பாடு பட்டு வெளியே வரும்.

அது அவள் தம்பி அன்பரசுவின் அறை. தை மாதத்திலிருந்து பூட்டிக் கிடந்தது.

அக்காவும் தம்பியும் சேலம் சூரமங்கலத்தில் ஒரே கம்பெனிக்கு, பாதி நாள் வீட்டிலிருந்தே, வேலை பார்த்தவர்கள். நிறைய சர்வர்களை, மனிதக் கை படாமல், ஒரே மாதிரி அமைத்துக்கொடுக்கும் புரோகிராம் எழுதுவது அவர்கள் வேலை. எழுதியதை உடனே நிஜ சர்வரில் போட்டுப் பார்க்க முடியாது. தப்பு நடந்தால் எல்லாம் நின்றுபோகும். அதற்காக அன்பரசு ஓர் இமேஜ் செய்து வைத்திருந்தான். ஒரு சர்வரை ஏதோ ஒரு நொடியில் அப்படியே உறைய வைத்த அச்சு அது. அதிலிருந்து வேண்டும்போதெல்லாம் கண்டெய்னர் என்கிற போலி சர்வரை எழுப்பலாம். அதில் புரோகிராமை ஓட்டி, சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்து, அழித்துவிட்டு, மறுபடி புதிதாக எழுப்பலாம். எத்தனை முறை எழுப்பினாலும் அது அதே நொடியிலிருந்துதான் கண் விழிக்கும். முன்பு நடந்த எதுவும் அதற்குத் தெரியாது.

அந்த இமேஜை அவன் செய்து முடித்த சாயங்காலம் வெண்ணிலாவும் அம்மா சென்னியம்மாளும் ராசிபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் இருந்தார்கள். அன்பரசுவுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. பனிக்காலத்தில் பஞ்சுத் தூசியும் சேர்ந்துகொண்டால் உட்கார்ந்தபடியேதான் தூங்குவான். அவர்கள் திரும்பி வந்தபோது, அறைக்கதவின் உட்பக்கத்தில் விழுந்து கிடந்தான். தாழ்ப்பாள் வரை கை எட்டவில்லை. ரொம்ப நேரம் கூப்பிட்டிருப்பான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தறிச் சத்தத்தில் தெருவில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

அவன் வேலை அவளிடம் வந்தது. ஆனால் அவன் செய்த இமேஜைத் தொட இத்தனை மாதம் ஆனது. இந்த வாரம்தான் எடுத்தாள்.

வெண்ணிலா லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்த கண்டெய்னரை அழித்தாள். மூச்சு நின்றது. அடங்கவில்லை, நூலை வெட்டியது போல நடுவில் அறுந்தது.

மறுபடி எழுப்பினாள். மறுபடி அந்த விசில். அதே இடத்தில் சிக்கல். அதே இழுப்பு. இந்த முறை அழிக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மூச்சுக்கு நடுவே ஒரு குரல் வந்தது, ஒவ்வொரு சொல்லாக, கிணற்றிலிருந்து வாளி ஏறுவது போல.

"அம்மா... அக்கா... கதவத் தெறங்க..."

மரத்தில் நகம் பிராண்டும் சத்தம். கீழே, தரையை ஒட்டி. பிறகு பாரமான ஒன்று சரிந்து விழுந்தது.

வெண்ணிலா எழுந்து ஓடினாள். பூட்டிய கதவின் வெளியே, பலகையில் கன்னத்தை வைத்துச் சாய்ந்து அம்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாக அம்மா அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். தரை குளிர்ச்சியாக இருக்கிறது என்று சொன்னதை வெண்ணிலா நம்பியிருந்தாள்.

"உங்களுக்கும் கேட்டுதாம்மா?"

"மொத நாளே கேட்டுது சாமி. நீ பயந்துக்குவீன்னு சொல்லல." சென்னியம்மாள் மகளைப் பார்க்கவில்லை. "அன்னைக்கு நாம ஊட்டுல இல்லாமப் போயிட்டோம். இப்பவாச்சும் அவன் கூப்புடறப்ப இருக்கறனே."

சாவி அம்மாவின் இடுப்பிலேயே இருந்தது. திறந்தார்கள். காலிக் கட்டில், சுருட்டிய பாய், வெயிலே படாத துணியின் வாடை, தைலத்தின் மிச்ச மணம். தரையெங்கும் தூசி. யாருமில்லை.

அம்மா கேட்டுக்கொண்டதற்காக வெண்ணிலா லேப்டாப்பைத் தூக்கிவந்து வாசற்படியில் வைத்து மறுபடி எழுப்பினாள். மூச்சு இப்போது அவர்களுக்கு நடுவில் இருந்தது. கை நீட்டினால் தொடலாம். அம்மா மண்டியிட்டு, "வந்துட்டேன் சாமி, இங்கதான் இருக்கறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அது அவனுக்குக் கேட்கவில்லை. கதவு அகலத் திறந்திருந்தது. ஜன்னலையும் அம்மா தள்ளித் திறந்தாள். அப்போதும் கதவைத் திறக்கச் சொல்லியே கெஞ்சினான். வெண்ணிலா பிடித்திருந்த கதவுப் பலகை நகம் பட்டு அதிர்ந்தது. விழும் சத்தம் வந்தபோது அம்மா இரண்டு கைகளையும் ஏந்தினாள். கைகளில் ஒன்றும் விழவில்லை.

"இன்னொருக்கா கூப்புடு" என்றாள் அம்மா.

வெண்ணிலா கூப்பிட்டாள். பிறகு இன்னொரு முறை. ஒவ்வொரு தடவையும் அம்மா கொஞ்சம் தள்ளித் தள்ளி உட்கார்ந்து பார்த்தாள், சரியான இடத்தில் இருந்தால் ஒருவேளை மடியில் விழுவான் என்பது போல. ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. அழித்தாலும் சாகிறான், விட்டாலும் சாகிறான். அவனுக்கு ஒவ்வொரு முறையும் அதுதான் முதல் முறை என்று வெண்ணிலாவுக்கு உறைத்தபோது அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

அடுப்படியில் போய் உட்கார்ந்து, தம்பியின் கை படாத புது இமேஜ் ஒன்றை அடியிலிருந்து செய்தாள். ஓட்டினாள். மழை மட்டும் கேட்டது. அப்படியானால் பழைய இமேஜைத் தூக்கிப் போட்டுவிட்டால் போதும், அவனை இனி யாரும் எழுப்ப முடியாது. அந்த நினைப்பே இரண்டாவது முறை கொள்ளி வைப்பது போல இருந்தது. அழுதாள். அழுதுவிட்டு, முடிவு செய்து, சேலத்துக்குப் போன் போட்டாள்.

வேலையில் அவளுக்கு மேலே இருந்தவர் வெங்கடாசலம். நல்ல மனிதர், அன்பரசுவைத் தோளில் சுமந்து மயானம் வரை வந்தவர். இமேஜை மாற்ற வேண்டும், இன்றே வேண்டும் என்று அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கஸ்டமர் ஒத்துக்கொண்டது பழைய இமேஜைத்தான் என்றும், கடைசிச் சோதனை முடிந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

"அந்தச் சோதனைய மட்டும் நிறுத்திருங்க சார்."

"ஓட உட்டாச்சுங்க வெண்ணிலா, இப்பத்தான். எல்லா வகை சர்வருக்கும் ஒண்ணா. நூத்துக்கு மேல வரும்."

அவர் பேசி முடிப்பதற்குள் அது தொடங்கியது.

முதலில் அறையில். பிறகு அடுப்படியில், அவள் முதுகுக்குப் பின்னால். கட்டிலுக்கு அடியில். பரணில். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில். ஒரே விசில், ஒரே சிக்கல், எல்லாம் ஒரே தாளத்தில், வீடே ஒரு பெரிய நெஞ்சாகி இழுப்பது போல. கொல்லையில். வாசலில். பூட்டிய தறிக் கூடங்களுக்குள். தெரு நெடுக.

போனில் வெங்கடாசலம் என்ன சத்தம் என்று கேட்டார். அவள் கையிலிருந்து போன் நழுவியது.

"அம்மா" என்றார்கள் எல்லோரும்.

ஒரே குரல்.

கம்பெனியில் எழுப்பிய கண்டெய்னர்கள் அவள் லேப்டாப் திரையிலும் வரிசையாகத் தெரிந்தன. எல்லாவற்றையும் ஒரேயடியாக அழிக்க அவளால் முடியும். ஒரு சொல் அடித்தால் போதும். அடித்தாள். கடைசியாக அழுத்த வேண்டிய பட்டனின் மேல் விரல் நின்றது. அழுத்தினால் அவள் கொன்றதாகும். அழுத்தாவிட்டால்.



நகங்கள். எல்லாக் கதவுகளிலும். கதவே இல்லாத இடங்களிலும்.

அம்மா ஓடிக்கொண்டிருந்தாள். அறைக்கு. அடுப்படிக்கு. கொல்லைக்கு. "வாரேன் சாமி, வாரேன்." எந்தப் பிள்ளையிடம் முதலில் போவது என்று தெரியாமல் நடுவீட்டில் நின்று சுற்றினாள். பிறகு வாசலுக்கு, மழைக்குள்.

விழத் தொடங்கினார்கள். ஒன்று. இன்னொன்று. பிறகு கூட்டமாக, மூட்டைகள் சரிவது போல.

பிறகு ஒன்றுமில்லை.

சோதனை முடிந்துவிட்டது என்று திரை சொன்னது. பச்சை எழுத்துகள். எல்லாம் சரியாக இருந்ததாம்.

வெளியே இருட்டியிருந்தது. அப்போது கரண்ட் வந்தது. தெருவிளக்கு எரிந்தது. வெண்ணிலா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

மழை நன்றாகப் பெய்துகொண்டிருந்தது. சிமெண்ட் வாசல் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. ஆனால் வாசல் முழுக்க நனையவில்லை. மழைக்கு நடுவே வெளுத்த, உலர்ந்த இடங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஓர் ஆள் நீளம். ஒருக்களித்த தோள், மடங்கிய முழங்கால், முன்னால் நீண்டு பாதியில் நின்ற ஒரு கை. ஒன்றை ஒட்டி ஒன்று, கேட் வரைக்கும், கேட்டைத் தாண்டித் தெருவில் விளக்கு எட்டும் தூரம் வரைக்கும். மழைத்துளிகள் அவற்றின் மேல் தரைக்கு ஒரு சாண் உயரத்திலேயே தெறித்து வழிந்தன.

அவற்றுக்கு நடுவில் சென்னியம்மாள், சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, யார் மேலும் கால் படாமல், மெதுவாக அடியெடுத்து வைத்துப் போய்க்கொண்டிருந்தாள்.