கடைசி ஆளின் தோள்

மின்விசிறி ஓடவில்லை, ஜன்னலும் சாத்தியிருந்தது. ஆனாலும் ஆணியில் தொங்கிய அளவு டேப், யாரோ இப்போதுதான் மாட்டிவிட்டுப் போன மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. தையல் யூனிட்டின் சூப்பர்வைசர் அக்கா அதையே பார்த்தாள். எண்ணெய் டப்பா தானாக நகர்ந்தது. தரை முனகியது.

"மேசைக்கு அடியில போங்க! மேசைக் காலைக் கெட்டியாப் புடிங்க!"

"நான் மாஸ்டர் காலைத்தான்க்கா புடிச்சிருக்கேன்," என்றாள் பட்டன் துளை தைக்கும் காஜாக்காரி. பயத்திலும் அவளுக்கு வாய் அடங்காது.

"விடு தாயி, கூசுது," என்றார் கட்டிங் மாஸ்டர்.

நீளமான வெட்டு மேசைக்கு அடியில் ஒன்பது பேரும் தலையைக் கையால் மூடிக் குறுகிக் கிடந்தார்கள். நூல்கண்டுகள் உருண்டோடின. விளக்கு அணைந்தது. துணித்தூசி, மெஷின் எண்ணெய், வியர்வை என்று பழகின வாசனைகளுக்கு நடுவே மெல்ல இன்னொன்று வந்தது. கிராம்பு.

பல்வலிக்காக எந்நேரமும் கிராம்பைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தவள் ஒருத்திதான். பட்டன்காரி. போன வருஷத்து நிலநடுக்கத்தில் அக்காதான் முன்னால் ஓடினாள், தலை எண்ணவில்லை. துணி களவு போய்விடுமே என்று பழக்கதோஷத்தில் ஷட்டரை வேறு இழுத்துவிட்டாள். இரண்டாவது ஆட்டத்தில் உள்ளே சுவர் விழுந்தது. பல்வலி மாத்திரை போட்டுப் படுத்திருந்த பட்டன்காரி தூக்கத்திலேயே செத்துப்போனாள் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். ஷட்டரின் உள்பக்கத்துப் பச்சைப் பெயிண்டில் நகக் கோடுகளைப் பார்த்தவள் அக்கா மட்டும். மறுநாளே புதுப் பெயிண்ட் அடித்துவிட்டாள்.

ஆட்டம் நின்றது. அடுத்தது வருவதற்குள், கடல் ஊருக்குள் ஏறுவதற்குள், தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போய்விட வேண்டும். இந்தத் தடவை ஒருத்தரும் விடுபடக் கூடாது.

"முன்னால நிக்கிறவங்க தோள்ல கையை வைங்க. நம்பர் சொல்லுங்க. பை, செருப்புன்னு யாரும் திரும்பப்படாது. நான் கடைசி."

"ஒண்ணு," என்றார் மாஸ்டர். இருட்டில் வரிசை நகர்ந்தது. இரண்டு. மூன்று. வாசல் வெளிச்சத்தில், பாதி ஏற்றியிருந்த ஷட்டரின் உள்பக்கம் தெரிந்தது. புதுப் பெயிண்ட் உரிந்திருந்தது. ஐந்து கோடுகள். ஈரமாக.

"எட்டு," என்றாள் காஜாக்காரி.

"ஒம்போது," என்றாள் அக்கா. வாசலைத் தாண்டினாள்.

"பத்து."

காதருகே. கிராம்பு மணக்க.

தோளில் ஒரு கை விழுந்தது. கனமில்லை. குளிர்ந்திருந்தது.

திரும்பவில்லை. அவள் போட்ட சட்டம்தானே. நடந்தாள். மண் சாலை. மேடு. நல்ல வெயில். தோளில் மட்டும் அந்தக் குளிர்.

உச்சியில் மாஸ்டர் நின்றார். "அப்பாடா, எல்லாரும் வந்தாச்சு..." என்று திரும்பியவர் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டார். காஜாக்காரியும் திரும்பினாள். ஒவ்வொருத்தராகத் தோளை விட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள்.

"என்னைய விட்டுட்டுப் போகாதீங்கடி," என்றாள் அக்கா.

அவள் தோளில் பிடி இறுகியது. மெல்லக் கண்ணைத் தாழ்த்தினாள்.

ஐந்து விரல்கள். பிய்ந்த நகங்கள். ஒவ்வொரு நக இடுக்கிலும் பச்சைப் பெயிண்ட்.