அரைப் புள்ளி

வலையபட்டி வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. பேய் பிசாசுக்கு உகந்த நேரமே இல்லை. தெருவில் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மீனாள் ஆச்சி கதவைத் திறந்து, "வாங்க சித்ரா, பங்குனி வெயில்ல வந்திருக்கீக" என்று மோர் கொடுத்தார்.

ஆச்சி குடும்பம் சேர்ந்த நகரத்தார் கோயிலின் புள்ளிக் கணக்கு, அதாவது குடும்பங்களை எண்ணும் கணக்கு, அந்த வீட்டுப் பின்கட்டு அறையில், ஒரு பழைய கணினியில் இருக்கிறது. நகரத்தார் வழக்கில் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. ஒருவர் இறந்தால் மற்றவர் அரைப் புள்ளி. ஆணானாலும் பெண்ணானாலும் அதேதான். கணக்கைக் கணினிக்குக் கொண்டுவந்தவர் ஆச்சியின் கணவர் சொக்கு. ஐப்பசியில் மாரடைப்பில் போய்விட்டார். நாற்பத்தாறு வயது.

மறுநாள் கோயிலில் புதுப் பட்டியல் ஒட்டவேண்டும். அதில் ஆச்சி பெயருள்ள வரியில் ஒன்றை அரையாக்கும் வேலை, காரைக்குடியிலிருந்து கணினி வேலைக்கு வந்த என் தலையில் விழுந்தது. ஐந்து மாதமாக அதைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. எனக்கும்தான் பிடிக்கவில்லை. கூலிக்கு மாரடிக்கிறவளுக்குப் பிடித்தமென்ன?

மடிக்கணினியைத் திறந்தேன். பைத்தான் நிரல்மொழியில் இதற்கென்றே ஒரு லைப்ரரி உண்டு. அந்தப் பழைய கணினிதான் சர்வர்; அதன் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்தால் போதும். தரவுத்தளத்தோடு இணைந்து, நாம் கேட்கும் வரிகளைக் கொண்டுவந்து தரும். கேட்டேன்.

மீனாள், புள்ளி 1.

அரையாக்கச் சொல்லி எழுதி ஓட்டினேன். ஒரு வரி மாறியது என்று பதில் வந்தது. சரிபார்க்க மறுபடி கேட்டேன்.

புள்ளி 1.

சிரிப்பு வந்தது. மாற்றியதை நிலைக்கவைக்க 'கமிட்' என்று ஒரு கட்டளை தரவேண்டும். தராமல் இணைப்பை மூடினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். புதிதாகப் படிக்கிறவர்கள் செய்கிற தப்பு. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிக்கொண்டு, கமிட்டைச் சேர்த்து ஓட்டினேன்.

இந்த முறை பதிலே வரவில்லை.

ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எங்கிருந்தோ நீலகிரித் தைல வாசனை மெல்ல ஏறியது.

வேறு யாராவது அதே வரியைப் பிடித்துவைத்திருந்தால் நம் கட்டளை இப்படித்தான் காத்துக்கிடக்கும். யாரென்று சர்வரைக் கேட்டேன். இரண்டு இணைப்புகளைக் காட்டியது. ஒன்று நான். இன்னொன்று 'சொக்கு'. வந்து மூன்று நிமிடம் ஆகிறது.

அந்தப் பயனர் பெயரைக் கார்த்திகையில் நானே நீக்கியிருந்தேன்.

பழைய கணினியின் திரை அணைந்திருந்தது. அதன் முன்னால் இருந்த நாற்காலியில் யாரும் இல்லை.

ஒரே கட்டளையில் அந்த இணைப்பை அறுத்துவிடலாம். தட்டச்சும் செய்துவிட்டேன். என்டரை அழுத்தக் கை வரவில்லை.

"என்ன சித்ரா?" ஆச்சி எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"உங்க வரியப் பிடிச்சிருக்காக ஆச்சி. விட மாட்டேங்குறாக."

ஆச்சி திரையில் இருந்த பெயரைப் படித்தார். பயந்ததாகத் தெரியவில்லை.

"தைலம் தேச்சிருக்காக," என்றார் மெதுவாக. "முழங்கால் வலி அவுகளுக்கு."

"அறுத்து விட்டுரவா?"

"வேணாம். நா சொன்னாக் கேப்பாக."

நாற்காலிக்கு அருகில் போய் நின்றார். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"விட்டுருங்க. நாளைக்கு ஒட்டணும்ல. எனக்கு ஒண்ணும் ஆகாது, நா இருந்துக்கிருவேன்."

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு வரி மாறியது.

இணைப்புப் பட்டியலில் நான் மட்டும் இருந்தேன். வாசனையும் போய்விட்டது. ஆச்சி அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். துட்டி கேட்க வந்தவர்கள் முன்னால்கூட அவர் அப்படி அழவில்லை. நானும் அழுதேன்.

அச்செடுக்கும் முன் மொத்தத்தைக் கேட்டேன். முன்பு 386.5 இருந்தது, இப்போது 386 வரவேண்டும். 386.5 என்றது. ஆச்சியின் வரியில் அரைதான் இருந்தது. எல்லா வரிகளையும் கையால் கூட்டினேன்: 386. சர்வரை மறுபடி கேட்டேன்: 386.5.

ஆச்சியிடம் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கோயிலுக்கு நீங்க கூட்டுனதக் குடுங்க. இங்குட்டு இது இருக்கட்டும், திருத்தாதீக."

திருத்தவில்லை. எந்த வரியிலும் இல்லாத ஓர் அரை, இன்றைக்குக் கேட்டாலும் மொத்தத்தில் வருகிறது.