கதவடியில் ஊதுபத்தி

கதவின் கீழ் விரிசலில் ஊதுபத்தியைக் காட்டினால் புகை உள்ளே போக வேண்டும். மேல் விரிசலில் காட்டினால் வெளியே தள்ள வேண்டும். சூடான காற்று மேலேறித் தப்பும், அந்த இடத்துக்குக் குளிர்ந்த காற்று கீழே நுழையும். ஸ்ரீவைகுண்டம் வாழைக்காய் மண்டியில் புகைமூட்டம் போட்டுக் காயைப் பழுக்க வைக்கும் சுடலைவடிவு, மண் பூசி அடைத்த கதவை இருபது வருஷமாக இப்படித்தான் சோதிப்பாள். இன்றைக்குக் கீழே காட்டிய புகை உள்ளே போனது. நின்றது. பிறகு வெளியே வந்தது.

மத்தியான வெயில் தகரக் கூரையைப் படபடவென்று வெடிக்க வைக்க, வைக்கோல் புகையும் பழுக்கத் தொடங்கிய தார்களின் இனிப்பும் பூச்சுமண்ணின் ஈரமும் சேர்ந்து தொண்டையில் உட்கார, உள்ளே யாரோ பைய இழுத்துப் பைய விடுவதுபோல் அந்தப் புகை போவதும் வருவதுமாக இருந்தது.

கொழுந்தன் பெண்டாட்டி கோமு வேலைக்கு வந்து ஆறு மாதம்தான். அவள் அடுக்கினால் மேல்தாரும் கீழ்த்தாரும் ஒரே மஞ்சள். "இனி மூட்டத்தைக் கோமு பாக்கட்டும்" என்று நேற்று மண்டி அண்ணாச்சி சொன்னதும் சுடலைவடிவுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன!

கதவைப் பூசுமுன் உள்ளே பார்த்து மூன்று தடவை ஆள் கூப்பிட வேண்டும்; அது மண்டி வழக்கம். நேற்று பூசும்போது வாசலில் கோமுவின் செருப்பு கிடந்தது. பார்த்தாள். கூப்பிடவில்லை. கதவைப் பூசிவிட்டுச் சுவர்த் துளை வழியாகப் புகையை ஊதினாள். உள்ளே தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. "ஆழ்வார்திருநகரிக்கு அம்மையப் பாக்கப் போயிருக்கா" என்று கொழுந்தனிடம் சொல்லிவிட்டாள்.

புகை போனது. வந்தது.

"அக்கா."

முதுகுக்குப் பின்னால் கோமு. நேற்று உடுத்திய அதே நீலச் சேலை. வெறுங்கால்.

சுடலைவடிவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஏட்டி! நீ எப்பம் வெளிய வந்த?"

கேட்டுக்கொண்டே கதவைப் பார்த்தாள். பூச்சு உடையவில்லை. அவளுடைய விரல் தடங்கள் அப்படியே இருந்தன.

"நீங்க கூப்பிடவே இல்லியேக்கா."

குளிர்ந்த காற்று ஒன்று சுடலைவடிவின் குதிகாலை உரசிக்கொண்டு கோமுவின் பக்கம் ஓடியது. முகத்தில் மட்டும் வெக்கை. வைக்கோல் நாற்றம்.

ஊதுபத்தியைப் பைய இறக்கினாள். கோமுவின் கால்வரை.

புகை வளைந்தது. பாதத்துக்குள் போனது.

மேலே கோமு வாயைத் திறந்தாள். புகை வந்தது. வந்துகொண்டே இருந்தது.